நாற்பது வயலுக்கும் ஒரே சாண்

மேசையில் பித்தளை மணியை வைத்துக்கொண்டு, எப்போது அடிக்கலாம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பரமேஸ்வரன் ஐயா அவர்களே! முல்லைத்தீவுக் கரையிலிருந்து விடியமுன் சைக்கிளில் புறப்பட்டு, வேர்வை காய்வதற்குள் மேடைக்கு ஏற்றப்பட்ட அருட்தந்தை மத்தேயு அடிகளார் அவர்களே! வாய்க்காலடிப் பிள்ளையார் கோயில் ஐயர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் பத்மாசனி அக்கா! கதிரை கிடைத்தவர்களே, கிடைக்காமல் சாக்கில் அமர்ந்திருப்பவர்களே, இரண்டும் வேண்டாமென்று யன்னலில் சாய்ந்து நிற்கும் உருத்திரபுரத்துப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் உப தபாலதிபர் ராசுவின் வணக்கம்.

என்னைப் பேச விட்டது இந்தச் சபையின் துணிச்சல். போன வருடம் ஓர் இரங்கல் கூட்டத்தில் நான் பேசியபோது இறந்தவரின் மைத்துனர் சிரித்துவிட்டார். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை. ஆகவே இன்றைக்கு அடக்கமாகப் பேசுவேன் என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவா பின்வரிசையில்தான் இருக்கிறா. நம்பாத முகத்தோடு.

ஓவியமணி வீரகத்தி மாஸ்ரரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இன்றைக்கு மூன்று நாள். மலேரியாக் காய்ச்சலில் படுத்தவர், ஆறாம் நாள் எழும்பவில்லை. மருந்து வரும் வழியில் நின்றது. அது எந்தச் சோதனைச் சாவடியில் நின்றது என்று இந்த வன்னியில் யாருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அழுதோம். அழுது முடித்தோம். இன்றைக்கு நான் அழ வரவில்லை. ஒரு வெற்றியைச் சொல்ல வந்திருக்கிறேன்!

அதற்கு முன்னால் ஒரு குற்ற ஒப்புதல். நிகழ்ச்சி நிரலில் என் உரைக்குப் பிறகு ஒரு தீர்மானம் இருக்கிறது, பாருங்கள். மாஸ்ரர் ஓவியம் கீறிய கோயில் திரைச்சீலையை இனிமேல் கட்டுவதில்லை. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாப்பது. மூலஸ்தானத்துக்கு முன்னால் கடையில் வாங்கிய திரையொன்றைத் தொங்கவிடுவது. 'அன்னாரின் அழியாக் கலைச்செல்வத்தை அடுத்த தலைமுறைக்கு' என்று தொடங்கும் அந்த அழகான தமிழ் அடியேனுடையது. பெட்டி நேற்றுவரை என் தபால் கந்தோர் மேசைக்குக் கீழே இருந்தது. திறப்பு என் சட்டைப்பையில் இருக்கிறது. கை உயர்த்த நீங்கள் எல்லோரும் ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் நேற்றுப் பின்னேரம் ஒருவர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அதனால் கையை இப்போதைக்கு மடியிலேயே வைத்திருங்கள். அந்தத் திரை தொங்குவதா, பூட்டப்படுவதா? இன்றைக்கு நாங்கள் எழும்பிப் போவதற்கு முன் தீர்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

யார் இந்த வீரகத்தி?

தென்மராட்சியிலிருந்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்த ஒரு திரைச்சீலைக்காரரின் மகன். தகப்பனார் கோயில் கோயிலாகத் திரை எழுதியவர். விளாம்பிசினைக் காய்ச்சி, மண்ணை அரைத்து, துணியில் தேவர்களை வரிசையாக நிறுத்தியவர். அந்தத் தேவர்களுக்கு நிழல் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "தேவருக்கு நிழல் விழாது. விழுந்தாலும் கீற எனக்கு நேரமில்லை" என்றாராம் பெரியவர். மகன் கொழும்புக்குப் போனார். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம். அங்கே தலைகீழ் உலகம்! ஒரு மரத்தைக் கீறுவதற்கு முன்னால் சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்பார்களாம். எண்ணெய் வர்ணம், வெளிச்சம், நிழல், தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துப்போகும் விதி, இவ்வளவையும் மனிதர் கரைத்துக் குடித்தார்.

குடித்துவிட்டு என்ன செய்தார்? கொழும்பில் படங்களை மாட்டினார். "நல்லாயிருக்கு, ஆனால் நிறம் கோயில் திரை மாதிரிக் கிடக்கு" என்றார்கள். ஊருக்குக் கொண்டுவந்தார். தகப்பனின் கூட்டாளிகள் வந்து பார்த்தார்கள். "நல்லாயிருக்கு, ஆனால் வெள்ளைக்காரன்ர படம் மாதிரிக் கிடக்கு" என்றார்கள். அங்கேயும் நல்லாயிருக்கு, இங்கேயும் நல்லாயிருக்கு. அங்கேயும் ஓர் ஆனால், இங்கேயும் ஓர் ஆனால்! கலைஞனைக் கொல்வதற்கு வசை தேவையில்லை, ஐயா. இந்த 'ஆனால்' போதும்.

மனிதர் சாகவில்லை. சித்திர ஆசிரியராக வேலை செய்துகொண்டு நிலத்தைக் கீறிக்கொண்டே இருந்தார். நிலம் மட்டும்! குளக்கட்டு, பாலை மரம், கதிர் சாய்ந்த வயல், களப்பில் விழுந்த மேகம். ஆளைக் கீறமாட்டார். நான் விடாமல் கரைச்சல் கொடுத்து என்னைக் கீறச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து ஒரு படம் தந்தார். தபால் கந்தோர், முன்னால் பூவரசு, அதில் சாத்திய என் சைக்கிள். ஆளைக் காணோம்.

"மாஸ்ரர், நான் எங்க?"

"உள்ளுக்க நித்திரை கொள்ளுறாய். கதவு சாத்தியிருக்கிறதைப் பாக்கேல்லையோ?"

அந்தப் படம் இன்றும் கந்தோரில் தொங்குகிறது. கதவு சாத்தியிருக்கும்போது வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மிகவும் வசதி.

ஒரு நாள் அவர் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "ராசு, கொழும்பில சுவரில மாட்டிப் பாத்தனான். வாறவை கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிண்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவினம். எனக்கு அது காணாது. ஒவ்வொரு நாளும் சனம் வந்து நிக்கிற இடமொண்டு வேணும். அங்க என்ர படம் இருக்கவேணும்."

"அப்பிடியெண்டால் சங்கக்கடை வரிசைதான்" என்றேன் நான். நிவாரண அரிசிக்கு அந்த நாட்களில் சனம் காலை முதல் மாலை வரை நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தில், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோயிலுக்குப் புதுத் திரைச்சீலை வேண்டுமென்ற கதை வந்தபோது, கோயில் சபைச் செயலாளராகிய நான் எழும்பி வீரகத்தி மாஸ்ரரின் பெயரைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களை விரல்விட்டு எண்ணலாம். விரல்கள் மிஞ்சும். அதில் முதலாவது இது.

அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். திரையில் சாமி கீறமாட்டேன், எங்கள் வயல்வெளியைக் கீறுவேன் என்றார். சபை கொதித்தது! சாமியில்லாத திரையா? அப்போது எங்கள் ஐயர், இதோ இருக்கிறார், பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். "சாமி உள்ளுக்கதானே இருக்கிறார். பிறகேன் வாசலிலயும் கொண்டுவந்து இருத்துவான்? திரையைத் திறந்தால் எங்கட வயலுக்குள்ளயிருந்து அவர் எழும்பி வாற மாதிரி இருக்கும். கீறட்டும்." ஐயர் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

துணி? நிவாரண மா வந்த வெள்ளைச் சாக்குகளை மாஸ்ரரின் மனைவி பத்மாசனி அக்கா பிரித்துத் தோய்த்துப் பொருத்தித் தைத்தா. வர்ணம்? பொருளாதாரத் தடையில் பற்றரிக்கே வழியில்லை, வர்ணத்துக்கு எங்கே போவது? கிறவல் மண்ணை அரைத்துச் சிவப்பு. சுண்ணாம்பில் வெள்ளை. மஞ்சள், சிரட்டைக் கரி. வேட்டிக்குப் போடும் நீலத்தில் வானம். எல்லாம் சரி, குழைப்பதற்கு எண்ணெய்? கொழும்பில் பழகிய ஆளிவிதை எண்ணெய் வன்னியில் ஏது? இந்த இடத்தில்தான் கலையுலகுக்கு என் பங்களிப்பு வருகிறது. "இலுப்பெண்ணெய் இருக்கே மாஸ்ரர்! எண்ணெய் எண்ணெய்தானே?" என்றேன்.

அன்பர்களே, இலுப்பெண்ணெய் காயாது. ஒரு கிழமை போனது, காயவில்லை. இரண்டு கிழமை போனது, எறும்பு வந்தது, படம் காயவில்லை. மூன்றாம் கிழமை பார்க்கப் போன நான் கதையில் மெய்மறந்து அதில் சாய்ந்துவிட்டேன். அப்படியே கந்தோருக்கு வந்து முத்திரை விற்றுக்கொண்டிருந்தேன். முத்திரை வாங்க வந்த சிவனேஸ்வரி ரீச்சர், "ஐயா, கோவிக்காதேங்கோ, உங்கட முதுகில வாய்க்கால் ஓடுது" என்றா. கண்ணாடியில் பார்த்தேன். வாய்க்கால் மட்டுமல்ல, இரண்டு பாலை மரமும் நின்றன!

மாஸ்ரர் என்னைத் திட்டவில்லை. சாக்கைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார். வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தகப்பனின் மண்சட்டியை எடுத்தார். விளாம்பிசினைக் காய்ச்சினார். கொழும்பில் படித்த நிழலையும் வெளிச்சத்தையும் தகப்பனின் பிசினில் குழைத்தார். எண்ணெயில் வராத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. மாரி மழை விட்டதும் வயலில் வருமே, அந்த வெளிச்சம்.

ஒன்றரை மாதத்தில் படம் முடிந்தது. திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது சபைக்குக் காட்டக் கோயில் மண்டபத்தில் தொங்கவிட்டோம். கோயில் வாசலில் நின்று வயல்வெளியைப் பார்த்தால் எப்படியோ அப்படியே! முன்னால் பரமேஸ்வரன் ஐயாவின் வயல் பரந்து கிடக்கிறது. வாய்க்கால் நேராகப் போய், மெலிந்து மெலிந்து, தூரத்தில் ஒரு நூலாகி, வானத்தோடு சேர்கிறது. மாஸ்ரரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாகத் தேடிய இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அப்போது அன்னபாக்கியம் அக்கா எழும்பினா.

அக்காவைத் தெரியாதவர்கள் அடிகளாரைத் தவிர இங்கே யாருமில்லை. அடிகளாருக்காகச் சொல்கிறேன். வாய்க்காலின் கடைசி வயல் அக்காவுடையது. முப்பத்தொன்பது வயல் குடித்து மிஞ்சினால்தான் அவாவுக்குத் தண்ணீர். அதனால் தண்ணீர்க் கூட்டங்களில் அவாவின் குரல் முதல் வயல் வரை கேட்கும். அக்கா திரைக்குக் கிட்டப் போனா. கையை விரித்தா. தலைவரின் வயலைச் சாணால் அளந்தா. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு குனிந்து, தேடி, தன் வயலைக் கண்டுபிடித்தா. அதற்குச் சாண் தேவைப்படவில்லை. இரண்டு விரல் வைத்தா, வயல் மறைந்துபோனது.

"பரமேசற்ற வயல் நாலு சாண். என்ர வயல் ரெண்டு விரல். அரசாங்கம் ரெண்டு பேருக்கும் மூண்டு ஏக்கர்தானே தந்தது, மாஸ்ரர்?"

மாஸ்ரர் பொறுமையாகச் சொன்னார்: "அது தூரம் அக்கா. தூரத்தில இருக்கிறது கண்ணுக்குச் சின்னனாத்தான் தெரியும்."

"ஆற்ற கண்ணுக்கு?"

"எல்லாற்ற கண்ணுக்கும்தான்."

"எனக்குத் தெரியேல்லையே! நான் அங்கதானே நிக்கிறன். எனக்குப் பரமேசற்ற வயல்தான் சின்னன்."

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "தண்ணி வந்தால் எனக்குக் கடைசி. உரம் வந்தால் எனக்குக் கடைசி. இப்ப கோயிலிலயும், சாமிக்கு முன்னாலயும், நான் ரெண்டு விரலோ? ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு கும்பிடேக்க நான் இதையோ பாக்கவேணும்?"

அவ்வளவுதான்! ஆளாளுக்கு எழும்பினார்கள். ஆளாளுக்குச் சாண் வைத்தார்கள். இருபதாம் வயல்காரர் பத்தொன்பதாம் வயலை அளந்தார். "எட்டு வருசமா வரம்பை வெட்டி வெட்டி உள்ளுக்க வாறான், இப்ப படத்திலயும் வந்திட்டான்" என்று ஒருவர் கத்தினார். தலைவர் மட்டும் படம் மிக அருமையாக இருப்பதாகச் சொன்னார். நாலு சாண்காரர் வேறென்ன சொல்வார்? மணியை அடிக்க வேண்டாம் ஐயா, நான் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே சபை தீர்மானித்தது: திரை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கடிதம் எழுதியது யார்? இந்தக் கைதான். 'தங்கள் ஓவியத்தில் காணப்படும் காணிப் பங்கீட்டு அநீதி குறித்துச் சபை ஆழ்ந்த கவலை கொள்கிறது' என்று எழுதினேன். நல்ல வசனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் பேனாவை முழுங்கலாம் போல இருக்கிறது.

மூன்று நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பத்மாசனி அக்கா கந்தோருக்கு வந்து, "தம்பி, குசினிக்குள்ள வந்து அடுப்பைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். கதைக்கிறாரில்லை. இனிக் கீறமாட்டன் எண்டுறார். உங்கட கடிதத்தைச் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறார்" என்றா. நான் முத்திரையை நக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

நாலாம் நாள் காலை. வாய்க்கால் கட்டில் ஒரு குடை போகிறது. வீரகத்தி மாஸ்ரர்! பின்னால் சைக்கிளில் போனேன். நேரே கடைசி வயலுக்குப் போனார். அன்னபாக்கியம் அக்கா களை பிடுங்கிக்கொண்டு நின்றா. அவர் வரம்பில் ஏறி நின்று, கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் கோயில் ஒரு நெருப்புப்பெட்டி. தலைவரின் நாலு சாண் வயல் ஒரு பச்சைக் கோடு. அக்காவின் வயலோ, முன்னால் கடல் போலக் கிடக்கிறது! மூலையில் நிற்கும் பனை வானத்தை முட்டுகிறது.

மாஸ்ரர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, கொழும்பில அஞ்சு வருசம் படிச்சனான். எங்க நிண்டு பாக்கிறதெண்டு ஒருத்தனும் என்னட்டக் கேக்கேல்லை. நீங்கதான் கேட்டனீங்கள்."

அக்கா நிமிர்ந்து பார்த்தா. "கேட்டனான்தான். அதுக்கேன் வரம்பை மிதிக்கிறியள்? இறங்குங்கோ."

அன்று மாலையே முடிந்த படத்தை வாய்க்காலில் போட்டார். பிசின் கரைந்தது. ஒன்றரை மாத உழைப்பு நீலமும் சிவப்புமாகத் தண்ணீரோடு போனது. நாங்கள் வாய்க்கால் கட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சாக்கை அலசிக்கொண்டே பாட்டுப் படித்தார்.

பிறகு பதினொரு நாள்! நாற்பது வயல்! ஒவ்வொரு வயலுக்கும் போய், அந்த வயல்காரர் வழமையாக நிற்கும் வரம்பில் நின்று, அவர் பார்க்கும் நேரத்தில் பார்த்தார். ஒருவர் காலையில் தண்ணீர் திருப்புகிறவர், அவருடைய வயலில் காலை வெயில். இன்னொருவர் பின்னேரம் மாடு கலைக்க வருகிறவர், அவருடைய வயலில் நீண்ட நிழல். திரையில் தகப்பனார் தேவர்களை வரிசையாக நிறுத்தியது போல மகன் வயல்களை வரிசையாக நிறுத்தினார். எட்டுப் பத்தி, ஐந்து வரி, நாற்பது வயலுக்கும் ஒரே சாண். எல்லாவற்றுக்கும் மேலே குளமும் வானமும். ஒவ்வொரு சாணுக்குள்ளும் கொழும்பில் படித்த தூரமும் நிழலும் காற்றும்! கிழக்கின் கலை எங்கே முடிந்தது, மேற்கின் கலை எங்கே தொடங்கியது? அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நாங்களல்ல. எங்களுக்கு எங்கள் வயல் தெரிந்தது, அது போதும்.

திருவிழா அன்று மேளம் முழங்கியது. திரை இறங்கியது. சனம் தன் தன் வயலைத் தேடியது. அன்னபாக்கியம் அக்கா முன்னுக்குப் போனா. கையை விரித்துத் தன் வயலில் வைத்தா. சரியாக ஒரு சாண். தலைவரின் வயலில் வைத்தா. ஒரு சாண். பனையைத் தொட்டுப் பார்த்தா. பிறகு ஐயரைத் திரும்பிப் பார்த்து, "சரி, இனித் திறவுங்கோ" என்றா.

திரை மூங்கிலில் சுருண்டு மேலே போனது. எங்கள் நாற்பது வயலுக்கும் பின்னாலிருந்து பிள்ளையார் வந்தார். மாஸ்ரர் அன்றைக்குப் பிள்ளையாரைக் கும்பிடவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன முகம் அது! கண்காட்சியில் வைத்தால் பரிசு வாங்கும் முகம்.

அதன் பிறகு புகழ் நடந்தும் வந்தது, சைக்கிளிலும் வந்தது. அக்கராயனிலிருந்து வந்தார்கள், தண்ணீரூற்றிலிருந்து வந்தார்கள். அடிகளார் வந்து தன் கோயிலுக்கும் ஒன்று கேட்டார். அங்கே வயலில்லை, கடல். கடலைச் சாணால் எப்படிப் பிரிப்பது? மாஸ்ரர் கரைவலை இழுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் நின்று கீறினார். இப்போது பூசை நேரத்தில் எல்லோரும் பீடத்தைப் பார்க்காமல் தங்கள் கரையைப் பார்க்கிறார்கள் என்று அடிகளாருக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. நிவாரண நிறுவனமொன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். மொழிபெயர்ப்பாளர் நான். என் ஆங்கிலம் தந்தி ஆங்கிலம், சொல்லுக்குச் சொல் சிக்கனம். இது கீழைத்தேய மரபா, மேலைத்தேய மரபா என்று கேட்டார். மாஸ்ரர் யோசிக்காமல், "அன்னபாக்கியம் மரபு எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அந்த மனிதர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, எந்த நூற்றாண்டு என்று கேட்டார். "இப்ப வருவா, நெல்லுக் காயப்போடப் போயிருக்கிறா" என்றேன்.

தொண்ணூற்றாறில் சண்டை வந்து இடம்பெயர்ந்தோம். ஒரு உழவு இயந்திரத்தில் பிள்ளையாரும், சுருட்டிய திரையும், என் முத்திரைப் பெட்டியும். அக்கராயன் காட்டோரம் ஒரு மரத்தின் கீழ்ப் பிள்ளையாரை இருத்தித் திரையைக் கட்டினோம். அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் வந்து தன் சாணுக்கு முன்னால் நின்றோம். வயலில்லாத நானும் நின்றேன். மாஸ்ரர் பிசின்சட்டியோடு வந்து, சுருண்டு சுருண்டு உதிர்ந்த இடங்களைத் தொட்டுத் தொட்டுத் திருத்துவார். "மாஸ்ரர், என்ர வயலில நெல்லு விளைஞ்சிட்டுது, கொஞ்சம் மஞ்சள் போடுங்கோ" என்பார்கள். போடுவார்! அங்கே ஒரு பிடி மண் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தத் துணியில் இரண்டு வருடம் நாங்கள் நாலு போகம் விளைவித்தோம்!

திரும்பி வந்தபோது வரம்பு இல்லை, கல் இல்லை, கந்தோரில் காணிப்படம் இல்லை. ஆளுயரப் பற்றை. எது யாருடையது? கத்தி எடுக்க வேண்டிய சண்டை அது. அந்த நேரம் திரையை விரித்தோம். மூலைப் பனை, வளைந்த மருது, கறையான் புற்று, மதகுக் கல். ஒவ்வொரு வயலையும் அதன் சொந்தக்காரர் நிற்கும் இடத்திலிருந்து கீறியிருந்தாரே! எட்டே நாளில் நாற்பது வயலும் நாற்பது பேரிடம் சேர்ந்தன. ஒரு தலை உடையவில்லை. எந்த நில அளவையாளர் செய்தார் இதை? எந்த நீதிமன்றம் செய்தது? ஒரு நிலக்காட்சி ஓவியர் செய்தார்!

இதைத்தான், அன்பர்களே, பெட்டியில் வைத்துப் பூட்ட நான் தீர்மானம் எழுதினேன். என் பக்கத்திலும் நியாயம் உண்டு. திரை நைந்துவிட்டது. உதிர்கிறது. தொட்டுத் திருத்த அவர் இல்லை. இன்னும் இரண்டு திருவிழா கண்டால் வெறும் மாச்சாக்குத்தான் மிஞ்சும். பெட்டிக்குள் வைத்தால் நூறு வருடம் இருக்கும். சரிதானே?

நேற்றுப் பின்னேரம் அன்னபாக்கியம் அக்கா கந்தோருக்கு வந்தா. கையில் ஒரு சிரட்டை.

"தம்பி ராசு, பெட்டியைத் திற."

"ஏன் அக்கா? நாளைக்குத் தீர்மானம் இருக்கு."

"உன்ர தீர்மானம் கிடக்கட்டும். பெட்டிக்க வைச்சால் பழுதாகாதெண்டால் முதல் நீ ஏறிப் படு. வயலைப் பூட்டி வைச்சால் என்ன முளைக்கும்? சொல்லு பாப்பம்."

திறந்தேன். திறக்காமல் இருந்து பார்க்கும் தைரியம் உங்களில் யாருக்காவது இருந்தால் கை உயர்த்துங்கள். அக்கா திரையை மேசையில் விரித்தா. அவாவின் பனையில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. சிரட்டையில் பிசின், சிரட்டைக் கரி. பத்மாசனி அக்காவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறா. விரலைத் தோய்த்துக் கீறத் தொடங்கினா. களை பிடுங்குகிற விரல். அரை மணித்தியாலம். முடிந்ததும் பார்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், பனை குடை மாதிரி இருந்தது.

"அக்கா, இது பனை மாதிரி இல்லையே."

"உனக்கு எப்பிடித் தெரியும்? அது என்ர பனை. போன சோழகக் காத்தில ஓலை முறிஞ்சு இப்ப இப்பிடித்தான் நிக்குது. போய்ப் பார்."

இன்றைக்கு விடிய நான் போய்ப் பார்த்தேன். சபையோரே, அது அப்படித்தான் நிற்கிறது!

அந்த வரம்பில் நின்றுகொண்டே எனக்கு விளங்கியது. மாஸ்ரர் கீறியது முடிந்த படமல்ல. வயலை ஒருமுறை உழுதுவிட்டு யார் பூட்டி வைக்கிறார்கள்? ஒவ்வொரு போகமும் உழவில்லையா? அதைப் போலத்தான் இதுவும். அவர் கை ஓய்ந்தால் என்ன, நாற்பது வயலுக்கு எண்பது கை இருக்கிறது! பத்மாசனி அக்கா இன்று காலை என்னிடம் சொன்னா: "அவர்ர கை பட்டது அழியுமே எண்டு நானும் யோசிச்சனான், தம்பி. ஆனால் அவர் தன்ர ஒன்றரை மாத வேலையைச் சிரிச்சுக்கொண்டு வாய்க்காலில விட்ட மனுசன். நான் ஏன் பிடிச்சு வைப்பான்?"

ஆகவே தலைவர் அவர்களே, செயலாளராகிய நான் என் தீர்மானத்தை மீளப் பெறுகிறேன். கிழிக்கிறேன், பாருங்கள். நல்ல தமிழ், பரவாயில்லை. அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழியை உங்கள் முன் வைக்கிறேன். வாய்க்காலடிப் பிள்ளையாரின் திரை தொங்கும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் பிசின் காய்ச்சப்படும். அவரவர் வந்து அவரவர் சாணைத் தொட்டுத் திருத்துவார். வடிவாக வராது. வரவேண்டாம்! சாக்கு கிழிந்தால் புதுச் சாக்குத் தைப்போம். வயல் சிறுக்க விடமாட்டோம். ஒருவரையும் இரண்டு விரலாக்க விடமாட்டோம். ஓவியமணி வீரகத்தி வென்றுவிட்டார்! அந்த வெற்றியை நாங்கள் பூட்டி வைக்கமாட்டோம்!

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். முடிக்கிறேன். இறுதியாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிரலில் இருக்கிறது. அதை இங்கே செய்ய வேண்டாம். பெட்டி கோயில் மண்டபத்தில் இருக்கிறது, பேச வருமுன்னரே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஏணி பிடிக்க நாலு பேர் வாருங்கள். திரையைக் கட்டுவோம். அவரவர் தன் தன் வயலுக்கு முன்னால் நின்று அந்த இரண்டு நிமிடத்தைச் செலுத்துவோம். அரை நிமிடம் போகமுன் யாராவது ஒருவர் தன் வயலைக் காட்டிக் கதைக்கத் தொடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கதைக்கட்டும்.